ரவிக்கைக்குள் ஒரு தழும்பு

ஜெசிந்தா அப்பாவுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் மஸ்கட்டுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

என் இதய வால்வின் கசிவை நெஞ்சைப் பிளக்காமல், வலது மார்புக்குக் கீழே சின்னதாகக் கீறிச் சரிசெய்தார்கள். தழும்பு வெளியே தெரியாதது உங்கள் அம்மாவுக்கு வசதியாகிவிட்டது. "கத்தியே படல, ஜெபத்துலயே சொஸ்தமாய்டுச்சி" என்று கும்மிடிப்பூண்டி முழுக்கச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை சபையில் நானும் அப்படியே சாட்சி சொல்வேன் என்று நீங்கள் பாஸ்டருக்கு வாக்குக் கொடுத்தீர்களாமே!

நேற்று பக்கத்து வீட்டு முத்தம்மா, மூச்சு வாங்கும் மகளோடு வந்தாள். "உனுக்கு ஆபரேசன் இல்லாமயே சரியாய்டுச்சாமே, அதான் இவள ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவல" என்றாள். கதவைச் சாத்திவிட்டுத் தழும்பைக் காட்டினேன். திங்கட்கிழமை மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

சாட்சி சொல்லத்தான் போகிறேன். ஜெபித்ததையும் சொல்வேன், தைத்ததையும் சொல்வேன். உங்கள் அம்மாவை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.

இப்போது மூச்சு வாங்காத
உங்கள் மனைவி