கார் ஜாலான் புசாரில் நிற்கும்

என் மகளின் அப்பாவுக்கு,

குடித்துவிட்டுச் சண்டை போட்டு மூன்றாவது முறையாகப் பிடிபட்டீர்கள். லிட்டில் இந்தியாவுக்குள் கால் வைக்கக் கூடாதென்று இப்போது போலீஸில் தடை போட்டுவிட்டார்கள். மகளுக்குக் கல்யாணம் அங்கேயுள்ள கோயிலில்தான் என்று உங்களுக்குத் தெரியாதா?

கல்யாணத்தைத் தெம்பனிஸ் பக்கத்துக் கோயிலுக்கு மாற்றச் சொல்லி உங்கள் தம்பியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். வெட்கமாக இல்லை? எதையும் மாற்ற மாட்டேன். தாரை வார்க்க என் அண்ணன் இருக்கிறார்.

அவளோ, "அப்பா உள்ள வரக்கூடாதுன்னா நான் வெளிய போறேன்லா. அப்பா கையால அட்சதை விழாம மேடை ஏற மாட்டேன்" என்கிறாள்.

கல்யாணக் கார் முதலில் தடை எல்லைக்கு வெளியே, ஜாலான் புசார் சாலையில் ஹார்ட்வேர் கடை வாசலில் நிற்கும். பட்டு வேட்டியைத் தேய்த்து உங்கள் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்.

நானும் காரில் இருப்பேன். குடி வாடை வந்தால் கண்ணாடியை இறக்க விடமாட்டேன்.

உங்கள் மகளின் அம்மா