நாற்பதைத் தாண்டாத வண்டி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமாக இருப்பதாகப் போனில் அம்மாவிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன். போனை என் கையில் கொடுத்தால் சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம். எழுத உட்கார்ந்தாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுகிறேன். எனவே சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. எங்கள் உடம்பு.
2. உன் மோட்டார் சைக்கிளை விற்றுவிடச் சொல்லியிருந்தாய். விற்காமல் இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்ததற்கான காரணம்.
3. வேலை முடிந்து வந்த இன்ஜினைப் பழக்குவதில் நான் செய்த பிழை.
4. வண்டியை வாங்க வருகிறவர்.
5. அங்கே வேலையை நிரந்தரமாக்குகிறார்கள், இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் இனி அந்த ஊர்தான், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தாய். எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

ஐந்தாவதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். மற்றவற்றை எழுதுகிறேன்.

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குத் தூக்கம்தான் சரியில்லை. படுத்ததும் வாசலில் ஏதோ சத்தம் கேட்பது போல இருக்கிறது. போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

வண்டியைப் பற்றி. நீ இங்கே இருந்தபோதே இன்ஜின் இறுகி நின்றுபோன நாளிலிருந்து அது வாசல் நடையில்தான் கிடந்தது. அம்மா அதன் ஹேண்டில்பாரில் மிதியடிகளைக் காயப்போடத் தொடங்கியிருந்தாள். உன் கடிதம் வந்ததும் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எடைக்கு எடுத்துக்கறேன் சார் என்றார். எடைக்கு என்றதும் ஹேண்டில்பாரில் கிடந்த மிதியடிகளை எடுத்து மடித்து வைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஓடுகிற வண்டியாக இருந்தால்தானே வண்டியாக விற்கலாம்? அப்படித்தான் இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்தேன். இதில் வேறு நோக்கம் எதுவும் இல்லை.

மெக்கானிக் உனக்குத் தெரிந்தவர்தான், மூக்கர். இன்றைக்கும் ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார். பிஸ்டனை எடுத்துக் காட்டினார். பூனை பிறாண்டியது போல நீளநீளமாகக் கோடுகள். உங்க பையன் ஆயில் ஊத்தினாரா, இல்ல ஆயிலைக் காட்டிட்டு எடுத்துட்டாரா என்று கேட்டார். உனக்காக நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டனும் ரிங்குகளும் போட்டுக் கொடுத்தார். முதலில் கொஞ்ச தூரம் பழக்கி ஓட்ட வேண்டும், நானே ஓட்டித் தருகிறேன் என்றும் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. உன் வண்டி இன்னொருவர் கையில் பழக வேண்டாம் என்று தோன்றியது. விற்கப்போகிற வண்டியைப் பற்றி இப்படி நினைப்பதில் அர்த்தமில்லை என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

வாழ்நாள் முழுக்க ஸ்கூட்டர் ஓட்டியவனுக்குக் காலால் கியர் போடுவது லேசில் வரவில்லை. முதல் நாள் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வதில் நான் குறை வைப்பவன் இல்லை. வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது என்றார் மூக்கர். எதற்கும் இருக்கட்டும் என்று முப்பத்தைந்தில் வைத்துக்கொண்டேன். மேடு பள்ளம் இல்லாத புறவழிச் சாலையாகப் பார்த்து, பஸ்களெல்லாம் போனபிறகு, ஹெல்மெட்டை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுக் கிளம்புவேன். ஊசி முப்பத்தைந்தில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் என் கவனம். பால்காரர் மொபெட்டில் என்னைத் தாண்டிப் போய், வழியில் வீடுகளுக்கு ஊற்றிவிட்டு, மறுபடியும் தாண்டினார். என்ன சார், வண்டியை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா என்று கேட்டார். தெருவில் இப்போது இதுதான் என் பெயர், வாக்கிங் சார்.

அம்மா ஒருநாள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கொஞ்ச தூரம் போனதும், ஓட்டறீங்களா, தள்ளிக்கிட்டுப் போறீங்களா என்றாள். அவளுக்குப் பொறுமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே வாரக்கணக்கில் ஓட்டினேன். பழகியிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தபோது சைலன்சரிலிருந்து நீலம் கலந்த வெள்ளைப் புகை வரத் தொடங்கியது. ஆயிலும் குறைந்துகொண்டே போனது. வேலை செய்த இன்ஜினை நானே கெடுத்துவிட்டேனா என்ற கவலையில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வாங்குகிறவர் முதல் தடவை வந்தார். பேக்கரிக்காரரின் மருமகன். நல்ல மனிதர், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். ஸ்டார்ட் பண்ணிக் காட்டியதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கொசுவுக்கு அடிக்கிற வண்டிங்களா சார் இது என்றார். சரிபண்ணி வையுங்க, சனிக்கிழமை வந்து பாக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூக்கரிடம் கொண்டுபோனேன், அம்மாவும் கூட வந்தாள். எப்படி ஓட்டினேன் என்பதை அவரிடம் விவரமாகச் சொல்லி, ஒருநாள்கூட நாற்பதைத் தொட்டதில்லை என்று முடித்தேன். அதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் பதில் சொல்வதற்குள் அம்மா குறுக்கே விழுந்தாள். அவர் ரெண்டு விஷயம் சொன்னாருங்க, நீங்க ஒண்ணைத்தான் காதுல வாங்கினீங்க என்றாள். ஒரே வேகத்துல புடிச்சு வெக்காதீங்க, ஏத்தி இறக்கி ஓட்டுங்க, மேட்டுல ஏத்துங்கன்னும் சொன்னாரில்ல, நான்தான் பக்கத்துலயே நின்னேனே. மூக்கர் தலையை ஆட்டினார்.

யோசித்துப் பார்த்தால் சொல்லியிருக்கிறார். பயப்படச் சொன்னது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது, மற்றது கேட்கவில்லை.

நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். கடைந்த சிலிண்டரின் உள்சுவர் வழவழப்பாக இருக்காது, மெல்லிய கீறல்கள் இருக்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் அதில் அழுந்தி உரசித்தான் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆக்ஸிலேட்டரைத் திருகி இன்ஜினுக்குப் பாரம் கொடுத்தால்தான் ரிங்கை வெளியே தள்ளுகிற அழுத்தம் உள்ளே உண்டாகும். நோகாமல் ஓட்டினால் உரசல் இல்லை. சுவர் கண்ணாடி மாதிரி மழமழவென்று ஆகிவிடும், ரிங் அதன்மேல் சும்மா வழுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே இருக்கும், பொருந்தியிருக்காது. அந்த இடைவெளியில் ஆயில் மேலேறி எரிந்து புகையாகிறது. இன்ஜினுக்கு நல்லது என்று நினைத்து நான் செய்ததுதான் அதைக் கெடுத்திருக்கிறது.

மறுபடி பிரிக்க வேண்டுமா என்று கேட்டேன். அதுக்கு முன்னாடி தண்ணித் தொட்டி மேட்டுல ஏத்தி இறக்கிப் பாருங்க, பின்னாடி ஆள் இருந்தா இன்னும் நல்லது என்றார் மூக்கர். அப்போ என்னைப் பாரத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறீங்க என்று அம்மா ஏறி உட்கார்ந்தாள்.

அந்த மேடு எவ்வளவு செங்குத்து என்று உனக்குத் தெரியும். பாதி வழியில் வண்டி திணறியது. ஆக்ஸிலேட்டரைக் குறைக்கக் கை போனது. குறைக்காதீங்க, முறுக்குங்க என்று அம்மா தோளில் அடித்தாள். முறுக்கினேன். இன்ஜின் இதுவரை நான் கேட்காத ஒரு குரலில் கத்தியது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. வாய்க்குள் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டதை அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். உச்சிக்கு வந்த பிறகுதான் ஊசியைப் பார்த்தேன், நாற்பதைத் தாண்டி எங்கேயோ நின்றது. இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு, கியரிலேயே இழுத்துப் பிடித்து இறங்க வேண்டும். அப்படியே இறங்கி, திருப்பி, மறுபடியும் ஏறினோம். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நான் எண்ணாமல் விட்டேன் என்றால் நீ நம்பமாட்டாய்.

கடைசி ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினோம். அம்மா கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, ஊரெல்லாம் இங்கேர்ந்து தெரியுது, இத்தனை வருஷம் வண்டி வெச்சிருந்தான், ஒரு தடவை என்னைக் கூட்டிட்டு வந்திருக்கானா பாருங்க, வரட்டும் கேக்கறேன் என்றாள். வரட்டும் என்று சொன்ன பிறகு முந்தானையால் வண்டியின் சீட்டைத் துடைக்கத் தொடங்கினாள். நான் குனிந்து சைலன்சரைப் பார்த்தேன். உன் கடிதத்தை அவளும் படித்திருக்கிறாள். அவன் உங்களைத்தானே கேட்டிருக்கான், நான் போன்லயே அழுதாச்சு, நீங்க பதில் எழுதுங்க என்று தினமும் ஒரு தடவை சொல்கிறாள்.

நான்கு நாள் அந்த மேட்டிலேயே கிடந்தோம். புகை மெலிந்து மெலிந்து, வியாழக்கிழமை நின்றேவிட்டது. மூக்கர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கன்னங்கரேலென்று இருந்த முனை பிஸ்கட் நிறத்துக்கு வந்திருக்கிறது. அதுதான் நல்ல நிறமாம். பழகிடுச்சு சார், இனிமே தாராளமா ஓட்டுங்க என்றார்.

(இந்த இடத்தில் எழுந்து போய் ஆயில் அளவு பார்த்துவிட்டு வந்தேன். குறையவில்லை. காலையிலும் பார்த்தேன், அப்போதும் குறையவில்லை.)

இன்று சனிக்கிழமை. சொன்னபடி பேக்கரிக்காரரின் மருமகன் வந்தார். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். இப்பவே எடுத்துக்கிட்டுப் போறேன் சார் என்றார். சாவி அவர் கையில் இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, பழக்கி ஓட்டுகிற ரன்னிங் இன்னும் முடியவில்லை, பாதியில் கொடுத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன். எப்ப முடியும் என்று கேட்டார். சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அவர் போனதும் சமையலறையிலிருந்து அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இத்தனை வயதில் ஒருவரிடம் முகத்துக்கு நேரே பொய் சொன்னது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

விற்பதா வேண்டாமா என்பதை நீயே எழுதிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. எந்த ஊரில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நலம் ஒன்றையே நினைக்கும்
அப்பா

பிழை திருத்தம்:

கடிதத்தை மடிப்பதற்கு முன் அம்மா வாங்கிப் படித்தாள். தானும் இரண்டு வரி எழுதுவாள் என்று பேனாவை நீட்டினேன். அவள் பேனாவைத் தொடவில்லை. முதல் பக்கத்தில் ஐந்தாவது எண்ணின்மேல் விரலை வைத்து, இதுவும் முப்பத்தஞ்சுல ஓட்டினதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், புத்தகம் அச்சாகி வந்தபின் பிழை தெரிந்தால் மறைக்கமாட்டோம். கடைசியில் ஒரு சிறு தாளில் அச்சிட்டு ஒட்டிவிடுவோம். முதல் பக்கத்தை அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஐந்தாம் எண்ணில் நான் எழுதியது தவறு. 'ஆட்சேபணை எதுவும் இல்லை' என்று இருப்பதை 'ஆட்சேபணை உண்டு' என்று வாசித்துக்கொள்.

நீ கையெழுத்துப் போட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால், அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு போட்டுவிடாதே, தம்பி.