உன் மகள் நாலாம் தடவை ஏடு தொடக்கப் போனபோது

போன இடத்திலும் எல்லாரையும் நம்பிக்கொண்டிருக்கும் என் அருமை மச்சானுக்கு,

சாமித்தம்பி சொல்லுகிறேன். எழுதுவது உன் தங்கச்சி பூரணம். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. நான் சொல்லச் சொல்ல எழுதிவிட்டு வாசித்துக் காட்டுகிறாள். வாசிக்கும்போது இரண்டு இடத்தில் இருமினாள். அங்கே எதை விழுங்கினாளோ, எனக்குச் சந்தேகம். நீ இருந்தபோது அரசாங்கக் கச்சேரியில் இருந்து வரும் கடிதத்தையும் மருந்துப் போத்தலில் ஒட்டிய துண்டையும் நீதான் எனக்கு வாசிப்பாய். உன் வாசிப்பை மட்டும் நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

உன் முதலாவது திவசம் வருகிறது. கொம்பியூட்டரில் உனக்கென்று ஒரு பக்கம் செய்திருக்கிறாள் உன் மகள் வசந்தி. இந்தக் கடிதத்தையும் அதில் போடப்போகிறாளாம். ஊரார் வாசிக்கட்டும். ஆனால் அந்தப் பக்கம் வந்த கதையை நீதான் முதலில் கேட்கவேண்டும்.

புருஷன் விட்டுப்போன பிறகு வசந்தி களுவாஞ்சிக்குடியில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்தாளே, அந்தக் கடையைப் பூட்டிவிட்டார்கள். உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"மாமா, நான் வெப்சைட் செய்யப் பழகப்போறன். அதுக்கு ஒரு பாஷை படிக்கோணும்."

"ஆர்ர பாஷை?"

"ஒருத்தர்ரயும் இல்ல. கொம்பியூட்டருக்குச் சொல்ற பாஷை."

"ஒருத்தரும் பேசாத பாஷையப் படிச்சி ஆரோட கதைக்கப்போற புள்ள?"

பூரணம் குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தாள். "இவரு தெரிஞ்ச பாஷையிலயே ஆரோடயும் ஒழுங்காக் கதைக்கிறல்ல. நீ படி மகள்."

எனக்குப் பிடிக்கவில்லை, மச்சான். இந்த நாட்டில் ஒரு பாஷை தெரியாததற்காக ஆமிக்காரனுக்கு முன்னால் றோட்டில் வெயிலில் நின்றவர்கள் நாம். புதிதாக ஒரு பாஷை என்றால் இன்றைக்கும் எனக்கு முதுகு கூசும். அதனால்தான் சொன்னேன், தொடங்குவதென்றால் முறையாகத் தொடங்கு, சின்னப்பிள்ளைகளுக்குப் போல அம்மன் கோவிலில் அரிசியில் எழுதி ஏடு தொடக்கிவிட்டுப் படி என்று. அந்தப் புத்தியைச் சொன்னவன் நான்தான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

தட்டில் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு, அம்மனுக்குப் பூசை செய்யும் கப்புகனார் கேட்டார்:

"முதலெழுத்து என்ன கா?"

"முதலெழுத்தெண்டு ஒண்டுமில்ல, கப்புகனார். முதல்ல உலகத்துக்கு வணக்கம் சொல்றதுதான் பழக்கம்."

"ஆருக்கு?"

"உலகத்துக்கு."

மனுஷன் என்னைப் பார்த்தார். நான் அம்மனைப் பார்த்தேன். உன் மகள் அரிசியில் விரலால் இங்கிலீசில் ஏதோ எழுதினாள். முன்பின் தெரியாதவனுக்கு முந்திக்கொண்டு வணக்கம் போடுகிறவன் எதையோ விற்கத்தான் வந்திருப்பான் என்று எனக்கு அப்போதே பட்டது.

அந்த முதல் பாஷைக்குப் பைத்தன் என்று பேர். மலைப்பாம்பாம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அதுதான் லேசு என்று போனில் ஒருத்தன் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். சும்மா சொல்லிக்கொடுக்கிறானாம். சும்மா கொடுக்கிறவன் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்டேன். இடைக்கிடை விளம்பரம் போகுமாம். அந்த வணக்கம் ஏன் என்று அப்போது விளங்கியது.

கொஞ்ச நாள் போனது. டவுனில் வகுப்பு நடத்தும் மாஸ்டர் ஒருத்தர், பெரிய கொம்பனிகளில் வேலை என்றால் ஜாவாதான், மற்றதெல்லாம் விளையாட்டு என்று சொல்லியிருக்கிறார். வகுப்பு அவருடையது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் ஜாவா. அவர் வேறு எதைச் சொல்லுவார்? ஆனால் உன் மகள் உன்னைப் போல. சொன்னவனின் முகத்தைப் பார்ப்பாள், சொல்லுகிற காரணத்தைப் பார்க்கமாட்டாள். திரும்பவும் தேங்காய், திரும்பவும் அரிசித் தட்டு.

"போன முறை தொடக்கினது என்ன கா ஆச்சு?"

"அது கிடக்கு, கப்புகனார். இது வேற."

மூன்றாவதாக வந்தது ஜாவாஸ்கிரிப்ட். வெப்சைட்டுக்கு அது இல்லாமல் ஒன்றும் நடக்காதாம்.

"இது மற்றதுக்குத் தம்பியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. பேர்தான் ஒரேமாதிரி. சொந்தமில்ல."

"சொந்தமில்லாதவன் ஏன் மற்றவன்ட பேர வெச்சிக்கிட்டுத் திரியிறான்? என்ன குடி எண்டு கேட்டுப்பாத்தியா?"

சிரித்துவிட்டாள், மச்சான். நீ போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். அதனால் மூன்றாவது தேங்காயை நானே உடைத்தேன்.

ஆனால் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுத்துத் தெரியாதவனுக்கு முகத்தை விட்டால் வாசிக்க வேறு என்ன இருக்கிறது? ஏடு தொடக்கின அன்றைக்கு அவள் முகம் கோவில் விளக்குப் போல இருக்கும். மறுகா கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். படத்தில் அவன் எழுதுவதைப் பார்த்து எழுதினால் சரிவரும். அவனை நிறுத்திவிட்டு எழுதினால் பிழை என்று சிவப்பில் ஏதோ வந்து விழும். அந்தச் சிவப்பு கூடக் கூட, இன்னொரு பாஷைக்காரன் வந்து இங்கே வா என்று கூப்பிடுவான். இவளும் போவாள். எல்லாப் பாஷையிலும் உலகத்துக்கு வணக்கம் சொல்லத் தெரியும். அதற்கு மேல் உலகத்தோடு கதைக்க ஒன்றும் தெரியாது. அதுவரைக்கும் மாஸ்டர்மாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நான், அதற்குப் பிறகு உன் மகளையே சந்தேகப்பட்டேன். இவள் படிக்கிறாளா, தொடங்குகிறாளா?

இதற்குள் இன்னொன்று. ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன். "அக்காவ மெடிக்கலுக்கு எப்ப அனுப்புறீங்க?" என்று ஒரு பொடியன் கேட்டான். எந்த மெடிக்கல் என்று கேட்டதும் வைத்துவிட்டான். ஈரத் தலையோடு வந்தவளை நிறுத்தினேன்.

"பாஸ்போட் எங்க புள்ள?"

துவாயை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"எங்க எண்டு கேக்கன்."

"ஏஜென்சில குடுத்திரிக்கன். குவைத்துக்கு. வீட்டு வேல."

"ஆரு குடுக்கச் சொன்ன?"

"நான்தான் குடுத்தன் மாமா. படிப்புச் சரிவராட்டி யாழினிக்கு நான் என்னத்தச் செய்யிற? விசா வாறத்துக்குள்ள இஞ்ச ஒரு வேல கிடைச்சாத் திருப்பி எடுப்பன். கிடைக்காட்டிப் போவன். புள்ள உங்களோட இரிக்கட்டும்."

யாழினி இப்போது மூன்றாம் வகுப்பு. தாயின் கையைப் பிடிக்காமல் பள்ளிக்கூட வாசல் தாண்டாத பிள்ளை. அவளை என்னிடமும் பூரணத்திடமும் விட்டுப்போவதாம். தாய்வழி வந்த வீட்டைப் பூட்டிவிட்டு, பாஷை தெரியாத ஊரில் எவனோ ஒருத்தன் வீட்டைக் கூட்டப் போவதாம். எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது என்று பெருமை பேசுகிறோமே மச்சான், அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று யாராவது பார்க்கிறார்களா?

அதற்கு அடுத்த கிழமைதான் நாலாவது வந்தது.

"பி.எச்.பி. எண்டு ஒண்டு இரிக்காம் மாமா. நம்மட பக்கத்துக் கடை, ஹோட்டல் எல்லாத்துக்கும் அதுதான் லேசாம். கூடப் படிச்ச புள்ள சொன்னா."

அவளே அரிசி எடுத்தாள், தேங்காய் எடுத்தாள், கோவிலுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். கப்புகனார் தட்டைக் கையில் வாங்கவில்லை.

"கொண்டு போ கா."

"ஏன் கப்புகனார்?"

"ஏடு தொடக்கிறது ஒருக்காத்தான். நானும் சும்மா இரிந்து பாத்தித்தன். நீ இஞ்ச படிக்க வாறல்ல, அழுகை வாற நேரமெல்லாம் தொடங்க வாற. கடைசியாத் தொடக்கினது எது?"

"ஜாவாஸ்கிரிப்ட்."

"அது என்ன கண்டறாவியோ, எனக்குத் தெரியா. அதையே முடி. முடிச்சித்து வா, பொங்கல் வைப்பம். அதுக்கு முதல் இந்தத் தட்டோட இஞ்ச வராத."

அந்த அரிசியும் தேங்காயும் பூசை முடிந்தால் அவர் வீட்டுக்குத்தான் போகும். தனக்கு வருகிறதைத் தானே வேண்டாம் என்று திருப்பிவிட்ட மனுஷனை நான் எப்படிச் சந்தேகப்படுவது? இந்த விஷயத்தில் தன் லாபத்தை விட்டுவிட்டுப் பேசின ஒரே ஆள் அவர்தான்.

வரும் வழியெல்லாம் அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறொரு கோவிலுக்குப் போயிருப்பாள், கொக்கட்டிச்சோலை வரைக்கும்கூட.

அதற்குப் பிறகு மூன்றாவது பாஷையோடு உட்கார்ந்தாள். சிவப்பு விழுந்தால் விழட்டும் என்று உட்கார்ந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டபோது, "அப்பாக்கு ஒரு பக்கம்" என்றாள். டோகாவில் இருக்கும் உன் மகன் சசி போனில் சிரித்தான். "இப்ப எல்லாத்தையும் மெஷினே எழுதுது. நீ ஏன் மண்டைய உடைக்கிற?" இவளும் மெஷினிடம் கேட்டுப் பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பக்கம் வந்ததாம், வடிவான பக்கம். அதில் உன்னை யாழ்ப்பாணத்தில் பிறக்க வைத்து, தமிழ் வாத்தியாராகவும் ஆக்கியிருந்தது. செட்டிபாளையத்து மீன்காரனுக்கு வந்த மரியாதையைப் பார்த்தாயா? பூரணம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதைத் திருத்தப் போன இடத்தில்தான் எது எங்கே இருக்கிறது என்று தனக்கு விளங்கத் தொடங்கியது என்கிறாள் வசந்தி. எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவள் முகம் இந்த முறை மங்கவில்லை. அதை நான் கண்டேன்.

இப்போது அந்தப் பக்கத்தில் நீ வள்ளத்தில் நின்று பல்லைக் காட்டும் படம் இருக்கிறது. கீழே ஆட்கள் எழுதலாம். கனடாவில் இருந்து எழுதுகிறார்கள், அக்கரைப்பற்றில் இருந்து எழுதுகிறார்கள். மாங்கேணியில் இருந்து ஒரு பெண், "ஐயா செய்த உதவியைச் சாகும்வரை மறக்கமாட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். யார் மச்சான் அவள்? மாங்கேணிக்கு நீ எப்போது போனாய்? நான் கேட்கவில்லை, உன் தங்கச்சி கேட்கச் சொல்லுகிறாள்.

போன கிழமை கல்லடியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வெப்சைட் கொம்பனிக்கு வசந்தியை வரச்சொன்னார்கள். நானும் போனேன். மேலே ஏற விடவில்லை, கீழே நின்றுகொண்டு மேலே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்தேன். எத்தனை பாஷை தெரியும் என்று அவர்கள் கேட்கவில்லையாம். நீங்களே செய்து முடித்த ஒன்றைக் காட்டுங்கள் என்றார்களாம். அவளிடம் இருந்தது நீ ஒருத்தன்தான். உன்னைக் காட்டினாள். எப்படிச் செய்தாய் என்று இடம் இடமாகக் கேட்டார்கள், சொன்னாள். வருகிற மாதம் வேலைக்கு வரட்டுமாம். முதலில் பழகுகிற ஆளாம், நிரந்தரம் பிறகு பார்ப்போமாம். இந்தப் 'பிறகு பார்ப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் விசாவும் வந்துவிட்டது. பாஸ்போட்டைத் திருப்பித் தர ஏலாது, எல்லாம் கொழும்பில் முடிந்துபோயிற்று என்கிறான் ஏஜென்சிக்காரன். இன்றைக்குக் காலையில் வசந்தி வாசல்படியில் இருந்து மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டு வருஷம்தானே மாமா. போயித்து வந்திரவா? இந்த வேலையும் சரிவராட்டி?"

இதுவும் இன்னொரு தொடக்கம்தான் புள்ள, என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய், ஏஜென்சிக்காரனுக்குப் போன் எடுத்து, நாளைக்கு வாறன், என்ட பாஸ்போட்ட எடுத்து வைங்க என்றாள். ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

நாளைக்கு விடிய முதல் பஸ்ஸில் அவளோடு நானும் பூரணமும் போகிறோம். அவன் பிளேன்ரீ தருவான், குடிக்கமாட்டேன். முதலாளி சேர் வெளியே போயிருக்கிறார் என்பான், வரட்டும் என்பேன். அடுத்த கிழமை வாங்க ஐயா என்பான், எழும்பமாட்டேன். கொம்பனி நல்லதா, பாஷை நல்லதா, எனக்கு இன்னும் தெரியாது மச்சான். அதையெல்லாம் ஊருக்கு வந்து சந்தேகப்படலாம். பாஸ்போட்டை வசந்தி தன் கையால் வாங்கி, திறந்து, உள்ளே இருப்பது தன் படம்தானா என்று பார்த்து, கைப்பைக்குள் வைக்கும்வரை நான் அந்த ஏஜென்சிப் படியை விட்டு அசையமாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

உன் தங்கச்சியைக் கட்டி, அதோடு உன்னையும் கட்டிக்கொண்ட
உன் மச்சான்
சாமித்தம்பி