ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு

ஈஸ்ட் கார்வர், வெர்மான்ட்
2003 மார்ச் 5, புதன்கிழமை, காலை 9.40

அன்புள்ள லோர்னாவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பளவில் நானும் உன் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம். குவைத் மணலில் நீயும் உன் லாரியும் பழுதின்றி இருக்க வேண்டும் என்பது ஒன்றில்தான் இன்று காலை நாங்கள் இருவரும் ஒத்துப்போகிறோம். பிப்ரவரி 11 தேதியிட்ட உன் கடிதம் 24ஆம் தேதி கைக்கு வந்தது. கூடாரத்தில் உங்களுக்குப் போட்டுக் காட்டிய போர்ப்படத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் அதைப் பார்த்ததில்லை, ஆனால் நம் நாட்டில் அவ்வகைப் படங்கள் ஹெலிகாப்டர் வருவதைப் பத்து நிமிடம் அழகாகக் காட்டிவிட்டு, சாவுச் செய்தியோடு ராணுவக் கார் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்பதை அரை நிமிடத்தில் முடித்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் அந்த அரை நிமிடம்தான் படம். நீ கொண்டுபோன உள்நாட்டுப் போர் வரலாறு நல்ல புத்தகம்தான், எனினும் அதை எழுதியவர் தளபதிகளின் தாடிக்குக் கொடுத்த இடத்தை வயிற்றுப்போக்கில் இறந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. அந்தப் போருக்காக நம் ஊரில் நட்ட நினைவுத்தூணில் உள்ள இருபத்திரண்டு பெயர்களில் பதினான்கு பேர் ஒரு குண்டையும் பார்க்காமல் செத்தவர்கள். கடிதத்தின் கடைசியில், “நூறு வருஷத்துக்கு முந்தின சண்டைக்கெல்லாம் கருத்து வச்சிருக்கீங்கப்பா, இந்தச் சண்டைக்கு மட்டும் ஏன் வாயே திறக்க மாட்டேங்கறீங்க” என்று கேட்டிருந்தாய். நேற்று திறந்துவிட்டேன்.

அதை என் கையெழுத்திலேயே நீ முதலில் படிக்க வேண்டும். நாளை நம் வாரப் பத்திரிகை வெளிவருகிறது. வெண்டல் கேஜின் மனைவி அதில் வரும் செய்தியை வெட்டித் தன் மகன் ரோரிக்கு அனுப்புவாள். உன் பிரிவிலேயே இருக்கும் ரோரி அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவான். தபால் மூட்டை பதினொன்றரைக்குப் புறப்படுகிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

நேற்று, மார்ச் மாத முதல் செவ்வாய், வழக்கம்போல் ஊர்க்கூட்டம், வழக்கம்போல் தலைவர் நான். சாலை மராமத்து, பனி அள்ளும் வண்டி எல்லாம் மதியத்துக்குள் முடிந்தன. பீன்ஸும் ஆப்பிள் பணியாரமும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த பிறகு, நூலகத்து ஃபீபி மார்ஷ் எழுந்து, நாடாளுமன்றம் முறைப்படி அறிவிக்காத எந்தப் போரையும் தொடங்க வேண்டாமென இவ்வூர் ஜனாதிபதியைக் கேட்டுக்கொள்கிறது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். அதில், போர் தொடுக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியிடம் கொடுத்த சென்ற ஆண்டுச் சட்டம் கையெழுத்தான நாளை அக்டோபர் 10 என்று எழுதியிருந்தாள். அது 16 என்று திருத்தினேன். “தேதிய மாத்திக்கறேன் ஆர்வில், போரையும் நீங்களே மாத்திக் குடுத்துடுங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் ஒருவரும் சிரிக்கவில்லை. வெண்டல் எழுந்து, என் பையன் அங்க நிக்கறான், ஆர்விலோட பொண்ணு அங்க நிக்கறா, அவங்க முதுகுல குத்தறதுக்கா இந்தச் சாப்பாடு சாப்பிட்டோம் என்று கேட்டான். குரல் வாக்கில் எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்ல முடியாததால், ஆதரிப்போர் சன்னல் பக்கமும் எதிர்ப்போர் பியானோப் பக்கமும் போய் நிற்கச் சொன்னேன். சன்னல் பக்கம் ஐம்பத்தெட்டு. பியானோப் பக்கம் எண்ணிக்கொண்டே போனேன். நாற்பத்தொன்றாவது ஆள் உன் அம்மா. என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கும் ஐம்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன், மாறவில்லை.

கூட்டத் தலைவர் விவாதத்தில் பேசலாகாது. வாக்கு சமமாக விழுந்தாலொழிய வாக்களிக்கவும் ஆகாது. 1984 மார்ச் 6 முதல் அப்படித்தான் இருந்து வந்தேன். சமமாக விழுந்தால் தீர்மானம் தானாகவே தோற்கும், நான் மேசையில் மரச்சுத்தியலைத் தட்டி அடுத்த விஷயம் என்று சொல்லியிருந்தால் போதும், என்னை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இந்நாடு கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூன் 5. அதன் பிறகு நடந்தவை எல்லாம் யாரோ ஒருவரிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட்ட போர்கள். 1964 ஆகஸ்ட் 7 அன்று நாடாளுமன்றம் அப்படி ஜனாதிபதியிடம் கொடுத்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. செய்தித்தாளில் படித்து, மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நேற்று மடித்து வைக்க முடியவில்லை. “தலைவரின் வாக்கு ஆம்” என்றேன். தீர்மானம் நிறைவேறியது.

வாசலில் வெண்டல் என் கோட்டைப் பிடித்து நிறுத்தி, “பத்தொம்பது வருஷமா மூடிக்கிட்டு இருந்த வாய இன்னும் ஒரு நிமிஷம் மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதாடா” என்றான். கோட்டை விடுவித்துக்கொண்டு நடந்தேன்.  வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகு உன் அம்மா, “நீ போனது தப்புன்னு ஊரே எழுந்து நின்னுச்சு, அதுவும் உங்கப்பன் ஓட்டுலன்னு அந்தப் புள்ள காதுல விழணுமா ஆர்வில்? அவ அங்க ராத்திரி தூங்க வேண்டாமா?” என்று கேட்டாள். நீ போனது தப்பென்று நான் வாக்களிக்கவில்லை, உன்னை அனுப்பும் முறை தப்பென்றே வாக்களித்தேன் என்றேன். “அந்த வித்தியாசத்த அவ லாரிக்கு முன்னாடி போய் நின்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். அவள் சொன்னதும் நியாயமாகவே இருக்கிறது, அதுதான் எனக்குத் தூக்கம் வராததன் காரணம். இருந்தும் இன்னொரு முறை எண்ணிக்கை அப்படியே வந்தால் என் வாயிலிருந்து அதே சொல்தான் வரும். இதை மறைத்து உன்னிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

ரோரி படிக்கும்போது யாராவது உன்னை ஏளனம் செய்தால் எனக்காக வாதாடாதே. உங்க அப்பாவுக்குக் கிறுக்கு என்றால் ஆமென்று சொல்லிவிட்டு வண்டியின் எண்ணெய் அளவைப் பார்க்கப் போ. யாரோடும் பகை வைத்துக்கொள்ளாதே, குறிப்பாக ரோரியோடு. குண்டு வரும்போது பக்கத்தில் இருக்கப்போவது நானல்ல, அவன். தண்ணீர் நிறையக் குடி. காலுறையை நாளுக்கு இருமுறை மாற்று. ஆறு ஜோடியும் கால் பவுடரும் பிப்ரவரி 27 அன்றே அனுப்பியிருக்கிறோம்.

மணி 10.50. இப்போதுதான் உன் அம்மா இறங்கி வந்தாள். நான் யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. எழுதறதுன்னா நான் எந்தப் பக்கம் நின்னேன்னும் எழுது என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். வெண்டல் தன் பையனைச் சொன்ன இடத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடித்ததும், ஒண்ணையும் அடிக்காத, அப்படியே போகட்டும் என்று சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு, தபால் நிலையத்துக்குத் தானே கொண்டுபோக வாசலில் நிற்கிறாள். ஆகவே சுருக்கமாக முடிக்கிறேன்.

கடவுள் உன்னையும் உன் வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரையும் முழு உடம்போடு திருப்பிக் கொண்டுவரட்டும். கோபமிருந்தால் கோபமாகவே எழுது, தேதி போட்டு எழுது. அம்மாவுக்கு ஓர் உறை, எனக்கு ஓர் உறை என்று தனித்தனியாக அனுப்பு, முதலில் அவளுக்கு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும் அப்பா,
ஆர்வில் பென்ஃபீல்ட்