படத்தில் விட்டிருந்த மூலை

லா ஷாப்பல், பாரிஸ்
02.06.2024

குலேந்திரன் அறிவது,

இங்கு யாவரும் நலம். உன் அக்கா உன்னோடு தொலைபேசியில் கத்திப் பேசுவதால் உன் சுகத்தை நான் கேட்காமலே அறிந்துகொள்கிறேன். நோர்வேயில் இன்னும் குளிர் விடவில்லையாம். இத்தனை வருஷம் முகம் பார்க்காத அத்தான் கடிதம் போடுகிறானே என்று நீ யோசிப்பாய். காரணம் உன் மருமகள்.

நிரஞ்சனா தன் கலியாணத்துக்கு ஒரு மரஅச்சுப் படம் செய்விப்பது உனக்குத் தெரியும். யப்பானில் அந்தக் காலத்துக் கவிக் கூட்டாளிகள் தங்கள் கைக்காசில் ஓவியரைப் பிடித்துப் படமும், அதிலேயே தங்கள் பாட்டுகளும் அச்சடித்து, விற்காமல் வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுப்பார்களாம். எங்கோ கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, எங்கட ஆக்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில வாசிச்சுக் குடுக்கிற வாழ்த்துமடல்தானே இது, கொஞ்சம் வடிவா" என்றாள். பாதி பிரெஞ்சில்தான்.

என்னிடம் நாலு வரி கேட்டாள். உன்னிடமும் கேட்டிருப்பதாகப் பிறகுதான் சொன்னாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

ஏனென்று உனக்கு விளக்கத் தேவையில்லை. நான் உணவகத்தில் கோப்பை கழுவிய காலம், லெ பிளாங்-மெனிலில் பிள்ளையின் பிறந்தநாள் அன்று, வீடு நிறையச் சனம் இருக்க, "அத்தான் பட்டதாரியெல்லோ, கோப்பை கழுவினாலும் இலக்கணப்படிதான் கழுவுவார்" என்றாய். உன் அக்காவும் சிரித்தாள். அதையும் நான் மறக்கவில்லை, அவளுக்கு அது தெரியாது. அதே பகிடியைப் பாட்டாக்கி அனுப்பியிருப்பாய், மண்டபத்தில் ஒருவர் அதை வாசிக்க மாப்பிள்ளை ரோமனின் ஆட்களுக்கு முன்னால் நான் நிற்க வேண்டிவரும் என்று எனக்கு நித்திரை போயிற்று. உன் பாட்டைக் காட்டச் சொன்னேன். "நீங்கள் சண்டை பிடிப்பீங்கள்" என்று பிள்ளை மறுத்துவிட்டாள்.

பொறுக்காமல் சனிக்கிழமை மரம் செதுக்கும் ஆரெலியின் பட்டறைக்குப் போனேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. நீ கையால் எழுதிய தாளைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டுக்குக் கோடு வெட்டியிருக்கிறாள். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி நிற்கிறது. நாற்பது வருஷம் தமிழ் படித்த எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கைபேசியில் படம் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"பள்ளி தராத தமிழை மடியிருத்தி
அள்ளிக் கொடுத்தார் அப்பா."

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு அங்கிருந்த முக்காலியில் இருந்துவிட்டேன். ஆரெலி பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். பிழையா என்று கேட்டாள். பிழைதான். கடைசியில் உனக்குத் தளை தட்டுகிறது, வெண்பா அப்படி முடியாது, பள்ளிக்கூடத்திலும் நீ இதைத்தான் செய்தாய். ஆனால் ஒன்றும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. மேலே பாலத்தில் மெட்ரோ போகிறது, கீழே தூணில் மாப்பிள்ளையின் சைக்கிள், அதில் ஒரு மல்லிகைச் சரம். உன் பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலை வெறுமையாக இருந்தது. அது என்ன என்று கேட்டேன். அப்பா தராவிட்டால் அப்படியே வெறுமையாக அச்சடிக்கும்படி நிரஞ்சனா சொல்லியிருக்கிறாளாம். என் சட்டைப்பையில் உனக்குப் பதிலடியாக ஒரு பாட்டு இருந்தது. அதை எடுக்கவில்லை. ஆரெலியிடம் பேனா வாங்கி அங்கேயே வேறு நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அவை உன்னைப் பற்றியவை அல்ல, பயப்படாதே.

வீட்டுக்கு வந்ததும், ஆரெலி சொல்லி அறிந்திருந்த நிரஞ்சனா கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் உன் முடிவையும் சொன்னாள். "நான் வந்தால் அத்தான் மண்டபத்தை விட்டுப் போவார், பிள்ளையின்ர நாள் பழுதாகும், பாட்டு மட்டும் வரட்டும்" என்றாயாம். என்னைப் பற்றி நீ கணித்தது சரிதான், சனிக்கிழமை வரைக்கும்.

ஆவணி பதினைந்தாம் தேதி, செவ்ரானில், காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். தாலி கட்டும்போது தாய்மாமன் தேங்காய் உடைக்க வேண்டும். உன் அக்காவின் சித்தப்பா மகன் தான் செய்வதாக வலிய வந்து நிற்கிறான். ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கு வேறு ஆள் இல்லை, குலேந்திரன். பிள்ளையை வாழ்த்த நேரத்தோடு வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அத்தான்
சச்சிதானந்தன்