மறைக்கச் சொன்ன தலைவலி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் குட்டியும் சுகம்தானே? இங்கே அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. அம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை, என்மேல்தான்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த சித்தி உனக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் அழுதிருப்பாள். என் வாயாலும் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தார்கள். ஒற்றைத் தலைவலியைப் பற்றி மூச்சு விடாதே, கல்யாணம் முடியட்டும் என்று நீ சொல்லியிருந்தாய். நான் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா போட்டு வந்த சென்ட் வாசனையிலேயே என் இடது கண்ணுக்குப் பின்னால் வலி தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் சிரித்துச் சமாளித்தேன். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னேன்: மாதத்தில் சில நாள் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தி வரும், இருட்டில் படுத்துக் கிடப்பேன், தெளிந்ததும் வேலைக்குப் போய்விடுவேன்.

நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தால் வராமல் என்ன செய்யும், வேலையை விட்டால் எல்லாம் சரியாகும் என்றார் அந்த அம்மாள். என் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் அதே விளக்கின் கீழ்தான் தேய்க்கிறார்கள். சாப்பாடு தள்ளிப்போனால் அவர்களுக்குப் பசிக்கும், எனக்கு மண்டை பிளக்கும். தூக்கம் கெட்டால் அவர்கள் கொட்டாவி விடுவார்கள், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். வெளிச்சத்தையும் வாசனையையும் கூடுதலாக வாங்கிக்கொள்கிற மூளை இது, குடும்பவழியிலும் வரும், மனசு பலவீனமும் இல்லை சோம்பலும் இல்லை என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். மாப்பிள்ளை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சித்தி இங்கே இருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா அவளுக்குப் போன் செய்தார். சம்மதமாம். ஆனால் நான் வேலையை விட வேண்டும், தலைவலி விஷயம் சொந்தக்காரர் யார் காதுக்கும் போகக் கூடாதாம். சித்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் போனை வாங்கினேன். "தலைவலியை என்னால மாத்த முடியாதும்மா. ஆனா அதை ஒளிச்சு வச்சுக்கிட்டு வாழ மாட்டேன். நீங்க வேற இடம் பாருங்க." வைத்துவிட்டேன்.

அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் அப்பா, எனக்குக் கண் கூசும் அந்தக் கூடத்து டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு மாட்டியிருக்கிறார்.

இனி உன் விஷயம். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டபோது, இல்லவே இல்லை என்று அம்மா முந்திக்கொண்டாள். அண்ணனுக்கு உண்டு என்றேன் நான். பரீட்சை நாட்களில் நீ குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தது அடுத்த அறையில் கிடந்த எனக்குக் கேட்காதா? உனக்கு வந்தால் களைப்பு, எனக்கு வந்தால் குறை. நல்ல நியாயம்.

போன வாரம் அண்ணி பேசினார். சில சாயங்காலம் நீ வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாயாம். மாடி ஏறி வந்தாலும் முகம் கொடுப்பதில்லையாம். நான் என்ன தப்பு செய்தேன் என்று என்னிடம் கேட்டு அழுதார். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள். ஆனால் அடுத்த தடவை வலி வந்தால் காரில் உட்காராதே. மேலே போ. அண்ணியிடம் விளக்கை அணைக்கச் சொல். ஏன் என்று கேட்பார். சொல்லிவிடு, அண்ணா.

உன் தலையும் மனசும் லேசாக வேண்டும் என்று விரும்பும்
உன் தங்கை