கிணற்றுக்கும் கரைக்கும் நடுவே ஒரு தாள்

பிப்ரவரி 9, திங்கள் இரவு

பார்லர் அக்காவுக்கு,

வணக்கம். ஊரே உறங்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மகன் இப்போதுதான் கண்ணை மூடினான்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்காலியில் நீங்கள் விட்டுப்போன வாத்துக்குஞ்சுப் புத்தகம் எங்களுக்குத்தான் கிடைத்தது. “யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். படித்ததும் இன்னோர் இடத்தில் வைத்துவிடவும் – பார்லர் அக்கா” என்று அட்டைக்குள் எழுதி, கடை முத்திரையும் குத்தியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் நன்றி. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியவன், உங்கள் வாத்தைப் பார்த்ததும் அடங்கினான். அவன் அடங்கியதும்தான் நானும் மூச்சு விட்டேன்.

இப்போது வந்த வம்பைக் கேளுங்கள். குஞ்சு கிணற்றில் விழுகிறது. அடுத்த தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். அப்புறம் நேராகக் கடைசிப் படம். அம்மாவின் இறக்கைக்குள் குஞ்சு உட்கார்ந்திருக்கிறது. தரையெல்லாம் நீல மை கொட்டினதுபோல அச்சு பிசகியிருக்கிறது. நடுவில் அது எப்படி வெளியே வந்தது? கயிறு விட்டுத் தூக்கினார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “பொய். கயித்தைப் பிடிக்க வாத்துக்குக் கை இருக்கா?” என்கிறான். வயது ஐந்து.

வெள்ளிக்கிழமை அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தானாம், டாக்டருக்கென்ன, சொல்லுவார். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைப்பார்கள் என்று கேட்டதிலிருந்து, “வாத்து எப்படி மேல வந்துச்சுன்னு சொன்னாதான் உள்ள போவேன்” என்று ஒரே பிடிவாதம். காலேஜ் படித்தவள் என்று பேர். ஒரு வாத்தைக் கிணற்றிலிருந்து எடுக்கத் தெரியவில்லை. அந்தத் தாளில் என்ன இருந்தது, அக்கா? என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிற வழியில் இதை உங்கள் கடையில் கொடுப்பார், பதிலையும் அவரே வந்து வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
வாத்தைக் கண்டெடுத்தவள்

*

பிப்ரவரி 11, புதன்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. பஸ் ஸ்டாண்டு, பூங்கா, ஆஸ்பத்திரி என்று எத்தனையோ புத்தகம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். யாராவது எடுத்தார்களா, குப்பைக்குப் போயிற்றா, ஒன்றும் தெரியாது. எழுதியவள் நீ ஒருத்திதான்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தை நான் படிக்கவில்லையம்மா. பழைய பேப்பர் கடையில் கட்டாக வாங்கி, துடைத்து, அப்படியே வைத்துவிடுவேன். நேற்றுப் போய் வேறு பிரதி தேடினேன், கிடைக்கவில்லை.

அதனால் வந்தவர்களையெல்லாம் கேட்டேன். தலைக்குச் சாயம் பூசியிருந்த பேங்க் அம்மா, “வாளியை இறக்க வேண்டியதுதானே?” என்றார்கள்.

“வாளி தலைல விழுந்தா குஞ்சு என்னாகும்?” என்று பக்கத்து நாற்காலிக் கல்லூரிப் பெண் சண்டைக்கு வந்தாள். “அம்மா வாத்து குதிச்சுக் காப்பாத்தியிருக்கும்.”

“அப்புறம் ரெண்டையும் யாரு எடுக்கிறது, உங்கப்பாவா?”

இந்த ரகளையில் சாயத்தைக் கழுவ மறந்துவிட்டேன். பேங்க் அம்மா முடி இப்போது மை மாதிரி கறுத்துக் கிடக்கிறது. எங்களால் முடிந்தது இவ்வளவுதான். பிள்ளை நல்லபடியாக வருவான், தைரியமாக இரு. முடிவைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே என்னை ஒருத்தரும் விடமாட்டார்கள்.

அன்புடன்,
பார்லர் அக்கா

*

பிப்ரவரி 15, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளை நலம். இதை முதலில் கடையில் சொல்லிவிடுங்கள்.

வாளியையும் சொன்னேன், குதித்த அம்மாவையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை புத்தகத்தோடுதான் ஸ்ட்ரெச்சரில் படுத்தான். ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸ், “இது யாருடா, உன் ஃப்ரெண்டா?” என்று கேட்டதுதான் தாமதம், கடைசிப் படத்தை விரித்துவிட்டான்.

“கிணத்துல விழுந்துச்சு. அம்மாதான் சும்மா பயப்படுறாங்க. வாத்துக்கு நீந்தத் தெரியும்ல? மழை பெய்ஞ்சுது. தண்ணி மேல வந்துச்சு, அதுவும் கூடவே மேல வந்துடுச்சு. பாருங்க, தரையெல்லாம் தண்ணி!”

அச்சுப் பிசகு என்று நான் நினைத்தது மழைத் தண்ணீர், அக்கா. அத்தனை தடவை பார்த்தும் என் கண்ணில் படவில்லை. புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டு, என் விரலை அவனாகவே விட்டான். கதவு மூடியது. அவன் வரும்வரை அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் விழித்ததும், “மேல வந்துட்டேம்மா” என்றான்.

உங்களுக்கும், சண்டை போட்ட இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது? முகம் தெரியாத பிள்ளைக்காக யார் இப்படி மெனக்கெடுவார்கள்!

வருகிற வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கப் போகிறோம். புத்தகத்தை அதே நாற்காலியில் வைக்க வேண்டுமாம். “வேற பாப்பா பயந்துட்டு வரும்ல” என்கிறான். நடுவில் மழை வரைந்து ஒட்டட்டுமா என்றால், “வேணாம், அவங்களே கண்டுபிடிக்கட்டும்” என்கிறான். அவன் தயார்தான். எனக்குத்தான் கை வரவில்லை, அக்கா. நீங்கள் எழுதிவைத்ததை மீறி, இந்த ஒரு புத்தகத்தை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாமா? வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், அழாமல் வைத்துவிட்டு வருவேன்.

வெள்ளிக்குள் பதில் போடுங்கள்.

உங்கள் தங்கச்சி